நாலாம் நம்பர் பஸ்ஸுல ஒரு துண்டு

இந்தக் கதையில ஒரு பஸ் வரும், ஒரு துண்டு வரும், ஒரு பொம்பள வரமாட்டாங்க. பஸ் வர்றதும் துண்டு வர்றதும் பெரிய விஷயமில்ல. அவங்க வராததுதான் கதை.

அவங்க பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரங்க, திருநெல்வேலியில ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல தையல் டீச்சர். வீட்டுக்காரரு கோமதிநாயகம், அதே திருநெல்வேலியில ஒரு கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவரு. இருபத்தேழு வருஷம் ரெண்டு பேரும் காலையில ஏழு பத்து பஸ்ஸுலதான் வேலைக்குப் போனாங்க. அந்த பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள மூக்க நீட்டும்போதே கோமதிநாயகம் கூடவே ஓடி, டிரைவருக்கு எதிர்ப்பக்கம் மூணாவது ஜன்னல் வழியா, தோள்ல கெடக்கிற சிவப்புக் கரை ஈரிழைத் துண்டை உள்ள வீசிருவாரு. துண்டு விழுந்த இடம் துண்டு போட்டவங்க இடம். அதுக்கு மேல கோர்ட்டு கிடையாது. வக்கீலே ஏறுனாலும் துண்டப் பாத்துட்டு அடுத்த சீட்டுக்குப் போயிருவாரு.

செண்பகவல்லி ஓடமாட்டாங்க. எல்லாரும் முண்டியடிச்சு ஏறுன பெறவு நிதானமா ஏறி, துண்ட எடுத்து ஒரு உதறு உதறி, உக்காருவாங்க. அவரு பக்கத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு.

"ஏங்க, நீங்க உக்காரலையா?"

"இருக்கட்டும், நின்னுக்கிட்டே வாரேன்."

"அப்ப பையக் கொடுங்க."

பைய வாங்கி மடியில வச்சுக்குவாங்க. அதப் பாத்து பக்கத்துல நிக்கிறவன் "அக்கா, இதையும் கொஞ்சம்" பான், அதுக்குப் பக்கத்துல நிக்கிற காலேஜ் பிள்ளைங்க நாலு பையத் தரும், பொட்டலம் வரும், தூக்குவாளி வரும், ஒருநாள் உயிரோட ஒரு சேவல் வந்துச்சு. கயத்தாறு வர்றதுக்குள்ள மூட்டைக்குப் பின்னாடி அவங்க மூஞ்சியே தெரியாது. மூட்டைக்குள்ள இருந்து சத்தம் மட்டும் வரும்: "ஏங்க, எங்க வந்திருக்கோம்?" அவரு குனிஞ்சு ஜன்னல் வழியாப் பாத்துச் சொல்லுவாரு: "கயத்தாறு தாண்டியாச்சு." ஜன்னல் சீட்டு அவங்களுக்கு, ஜன்னல் அவருக்கு. இருபத்தேழு வருஷம் இப்படித்தான்.

ரெண்டு பேரும் வேலைய விட்டதும் செண்பகவல்லி ஒரு நோட்டு எடுத்தாங்க. டிவியில பாத்தது, பழைய காலண்டர்ல வெட்டுனது, பல் ஆஸ்பத்திரி புஸ்தகத்துல இருந்து யாருக்கும் தெரியாமக் கிழிச்சது, எல்லாம் அந்த நோட்டுல ஒட்டியிருந்துச்சு. லிஸ்பன், செவில்லா, கிரனாடா, நேப்பிள்ஸ், சிசிலி, ரோம். பெரிய ஓட்டல் வேண்டாம், டூர்க்காரங்க பின்னாடி கொடியப் பாத்துக்கிட்டுப் போற சோலி வேண்டாம், ஆளுக்கொரு முதுகுப்பை, சின்னப்பிள்ளைங்க தங்குற ஹாஸ்டல்ல அடுக்குக் கட்டில், கெட்டில்ல உப்புமா. இதுதான் திட்டம்.

விசா ஆபீஸ்ல அவருக்குக் கொடுத்தாங்க, அவங்களுக்கு இல்லன்னுட்டாங்க. காரணம் ஒரு வரி போட்டிருந்துச்சு: திரும்பி வருவார் என்று நம்ப இயலவில்லை. அடுப்புல பால வச்சுட்டு வாசலுக்குக்கூடப் போகாத பொம்பளையப் பாத்து எழுதுன வரி அது.

"நானும் போகல" ன்னாரு கோமதிநாயகம்.

"டிக்கெட்டு திருப்பித் தரமாட்டானாம். ரெண்டும் வீணாப் போறதுக்கு ஒண்ணாவது போகட்டும்" ன்னாங்க செண்பகவல்லி. "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நோட்டுல கேள்வியெல்லாம் எழுதியிருக்கேன். ஒண்ணையும் விட்றாதீங்க." பைய அடுக்கி, கடலைமிட்டாய் பாக்கெட்ட மேல வச்சு, அதுக்கும் மேல சிவப்புக் கரைத் துண்ட மடிச்சு வச்சாங்க. அழல. துண்ட மட்டும் ரெண்டுதரம் மடிச்சாங்க.

இப்படியாக அம்பத்தெட்டு வயசுல கோமதிநாயகம் தன்னந்தனியா முதுகுப்பை தூக்குனாரு. லிஸ்பன்ல மலையேறுற டிராம்ல கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, பை முதுக அமுக்குச்சு, உக்காந்திருந்த ஒவ்வொரு மூஞ்சியா ஒரு நெனப்போட பாத்தாரு, எல்லாரும் போனப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்பறந்தான் அவருக்கே உறைச்சுது, யாராவது "பையக் கொடுங்க" ம்பாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கோம்னு. செவில்லாவுல, நோட்டுல கேட்டபடி, ரோட்டோர ஆரஞ்சப் பறிச்சுத் தின்னுபாத்து "கசக்குது, அதான் யாரும் தொடல" ன்னு எழுதுனாரு. கிரனாடாவுல அரண்மனைக்கு டிக்கெட் தீந்துபோச்சு, எதிர் மலையில ஏறி நின்னு முழுசாப் பாத்துட்டு, "இங்க இருந்து பாக்கதுதான் லட்சணம்" னு எழுதுனாரு. நேப்பிள்ஸ்ல வீட்டுக்கு வீடு தெருவுக்குக் குறுக்க கொடிகட்டித் துணி காயப்போட்டிருந்தத அரைமணி நேரம் அண்ணாந்து பாத்து, "நம்ம தெரு மாதிரியே. ஆனா கிளிப் நல்ல கிளிப்" னு எழுதுனாரு.

ஒம்பதாம் நாளு சிசிலியில மோந்தெலூமேன்னு ஒரு ஊரு. கீழ ஸ்டேஷன், மேல கோயிலும் சதுக்கமும் ஆயிரம் வருஷத்துக் கல்வீடுகளும், நடுவுல பதினோரு கொண்டை ஊசி வளைவு. ரெண்டுக்கும் இடையில நாலாம் நம்பர் பஸ். அன்னிக்கு வியாழக்கிழமை, சந்தை நாளு. கூட்டம்னா கூட்டம், கத்திரிக்காக் கூடையும் மீன் பெட்டியும் தலைக்கு மேல போகுது, பஸ்ஸு ஸ்டேஷனுக்குள்ள மூக்க நீட்டுது, மூணாவது ஜன்னல் திறந்திருக்கு.

கோமதிநாயகம் ஒண்ணுமே நெனைக்கல. கை தன்னால போச்சு. துண்டு பறந்துச்சு. சீட்டுல போயி, விரிச்சு வச்ச மாதிரி விழுந்துச்சு.

ஏறி, அந்த சீட்டுக்குப் பக்கத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. பதினோரு வளைவும் வாசப்படியவே பாத்துக்கிட்டு வந்தாரு. மேல கூட்டம் அவரத் தள்ளி எறக்குச்சு. ஹாஸ்டல்ல குளிச்சுட்டு வந்து தலைதொவட்டக் கையநீட்டுனப்பதான் துண்டு இல்லைங்கறதே தெரிஞ்சுது. மறுநாள் வேற ஊருக்குப் போயிட்டாரு.

துண்டு போகல.

மொதல்ல கண்டுபிடிச்சது கசாப்புக்கடைக்காரரு. நூத்திப்பத்து கிலோ ஆளு. ஏறுனாரு, சீட்டுக்கு முதுகக் காட்டுனாரு, உக்காந்தாரு. பாத்தா நின்னுக்கிட்டு இருக்காரு. யாரும் தள்ளல, ஒண்ணும் இடிக்கல, தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, மரியாதையான ஒரு பொம்பள முன்னாடி நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு இருக்காரு. இன்னொருதரம் உக்காந்தாரு. இன்னொருதரம் நின்னாரு. "சரி" ன்னுட்டு மேல வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாரு.

துண்ட எடுக்கப் போனவங்களுக்கும் அதே கதைதான். கை துண்டுகிட்டப் போகும், பாத்தா சொந்தத் தலையச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கும். டெப்போ மெக்கானிக் சீட்டையே கழட்டிருவோம்னு நாலு போல்ட்டையும் கழட்டுனாரு, நெத்தி வேர்வையத் தொடைச்சுட்டுப் பாத்தா நாலையும் அவரே முடுக்கி வச்சிருக்காரு, முன்னவிட நல்லா முடுக்கி, எண்ணெயும் போட்டு வச்சிருக்காரு. பாதிரியார் வந்தாரு. கண்ண மூடி ஜெபம் பண்ணுனாரு. தொறந்து, "இதுல பேயி பிசாசு ஒண்ணுமில்ல. இடம் புடிச்சு வச்சிருக்காங்க. அவ்வளவுதான்" ன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு.

பக்கத்து மலை வாரம் ஒருக்கா புகை கக்குறதுக்கே பழகுன ஊரு அது. ஒரு சீட்டுக்குப் பழகமாட்டாங்களா? மூணே நாள்ல ஏறும்போது அந்த சீட்டப் பாத்து "வணக்கம் அம்மா" ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அம்மான்னு எப்படித் தெரியும்னு ஆம்பளைங்க கேட்டாங்க. பொம்பளைங்க குனிஞ்சு துண்ட மோந்து பாத்தாங்க: தேங்காயெண்ணெய் வாசம், வெயில் வாசம், ஓரத்துல ஏதோ ஒரு காட்டமான மசாலா வாசம். "ஒரு ஆம்பளைக்கு எவ இப்படி இடம் புடிச்சு வைப்பா?" ன்னு கேட்டாங்க. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டிய அந்த சீட்டுக்குப் பக்கத்துல பதினோரு வளைவு நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க, கல்யாணம் நிச்சயமானவங்க எட்டி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, மழை வந்தா கடைசி சீட்டுல இருக்கிறவங்க கூட ஓடி வந்து மொதல்ல அந்த ஜன்னலச் சாத்துனாங்க.

டிரைவரு பேரு கலோஜெரோ. வாழ்க்கையில ஒரு ஆளுக்கு நிறுத்துனவரு இல்ல, கண்ணாடியில ஓடிவர்றது தெரிஞ்சாலே மிதிக்கிறவரு. அவரு இப்ப ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கூட ஒரு நிமிஷம் நிறுத்தி, தலைய வெளிய நீட்டி, ரோட்டப் பாத்தாரு.

"யோவ் கலோஜெரோ, என்னய்யா பாக்குற?"

"ஒருவேள அந்தம்மா வந்துக்கிட்டு இருந்தா?"

எட்டு ஸ்டாப்பு, எட்டு நிமிஷம். பாதிரியாரு அந்த பஸ்ஸுலதான் வருவாரு, அதனால கோயில் மணி எட்டு நிமிஷம் தள்ளி அடிச்சுது, ரொட்டிக்கடைக்காரன் மணியக் கேட்டுத்தான் அடுப்பத் தொறப்பான், அதனால ரொட்டி எட்டு நிமிஷம் கூட வெந்துச்சு, மேல்தோல் முறுகுனா நல்லாத்தான்யா இருக்குன்னு ஊரே சொல்லுச்சு. முகம் தெரியாத ஒரு பொம்பளைக்காக ஒரு ஊரே எட்டு நிமிஷம் பிந்தி வாழ ஆரம்பிச்சுது.

எல்லாருக்கும் பழகிப்போச்சு, ஒரே ஒருத்தரத் தவிர. நுன்சியா அம்மா. முப்பத்தொரு வருஷம் அந்த ஊருப் படிக்கட்டெல்லாம் ஏறி எறங்கி தபால் கொடுத்தவங்க, அந்தப் படிக்கட்டுங்க திருப்பிக் கொடுத்தது ரெண்டு முட்டிவலி. வியாழக்கிழமையான்னா மேல தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போவாங்க, போறது அந்த மூணாவது ஜன்னல் சீட்டுலதான். இப்ப நிக்கிறாங்க.

"நுன்சியா, என் சீட்டுல உக்காரு."

"உன் சீட்டு எனக்கெதுக்கு? என் சீட்டுல உக்காருவேன், இல்ல நிப்பேன்."

பிடிவாதம் முட்டிய விடப் பெரிசு. நின்னுக்கிட்டே அந்தத் துண்டையே மொறைச்சுக்கிட்டு வந்தவங்க கண்ணுல, ரெண்டாவது வியாழக்கிழமை, துண்டு மூலையில சிவப்பு நூலால தச்ச ஒரு எழுத்து பட்டுச்சு. செ. தையல் டீச்சர் வீட்டுத் துணியில எழுத்து இல்லாம இருக்குமா? நுன்சியா அம்மாவுக்கு அது எந்த பாஷைன்னே தெரியாது. ஆனா பாத்தவுடனே நிமிந்துட்டாங்க. "அட மடையன்களா, இது அட்ரஸ்!" ன்னாங்க. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தபாலக்கூட நான் சேக்காம விட்டதில்ல."

எழுத்த ஒரு காகிதத்துல வரைஞ்சுக்கிட்டு வீடு வீடா ஏறுனாங்க, முட்டிவலியோட. ஹாஸ்டல் பொண்ணு பாத்ததும் வருகைப் புஸ்தகத்த எடுத்துப் போட்டா: ஒரு பக்கம் முழுக்க அந்த மாதிரி எழுத்து, அடியில போன் நம்பர். "கெட்டில்ல கஞ்சி மாதிரி ஏதோ கிண்டி, எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்த சாரு!"

கோமதிநாயகம் அப்பத்தான் ரோம் ஸ்டேஷன்ல எறங்கியிருக்காரு. நோட்டுல ரோமுக்கு மட்டும் ஏழு பக்கம். போன் அடிச்சுது. (இத்தாலிக்காரங்க பேசுறத எல்லாம் நான் நம்ம பேச்சாவே சொல்லிக்கிட்டு வாரேன், கையாட்டுறத மட்டும் நீங்களே சேத்துக்கோங்க.)

"சார், உங்க துண்டு இங்க இருக்கு."

"பரவாயில்லம்மா, யாராவது வச்சுக்கோங்க."

"வச்சுக்க முடியல சார். எடுக்க வரமாட்டேங்குது. உக்காரவும் விடமாட்டேங்குது."

"எந்த சீட்டும்மா?"

"டிரைவருக்கு எதிர்ப்பக்கம். மூணாவது ஜன்னல்."

லைன் கட்டாயிருச்சோன்னு அந்தப் பொண்ணு போன உதறிப் பாத்தா. கட்டாகல. ரோம் ஸ்டேஷன் நடுவுல முதுகுப்பையோட ஒரு மனுஷன் கண்ணத் தொடைக்கத் துண்டத் தேடிக்கிட்டு இருந்தாரு.

வெளிய ஒரு எட்டுகூட வைக்காம அடுத்த ரயில் புடிச்சாரு. அந்த ரயிலு கடல் வந்ததும் கப்பல்ல ஏறிப் போகும், அதையும் பாக்கல. ரோமுக்குப் போயும் ரோமப் பாக்காத ஒரே கோவில்பட்டிக்காரரு அவருதான்.

மறுநாள் நாலாம் நம்பர் பஸ்ஸுல எள்ளுப் போட்டா எண்ணெயாகும். எல்லாரும் அவருக்கு வழிவிட்டாங்க. அவரு துண்டுக்குக் கைய நீட்டுனாரு. கை போயி மேல கம்பியப் புடிச்சுக்கிச்சு. உக்காந்து பாத்தாரு. நின்னுக்கிட்டு இருந்தாரு. அந்த பஸ்ஸுல ஆச்சரியப்படாத ஒரே ஆளும் அவருதான்.

"எனக்கு இல்ல" ன்னாரு. "நான் எப்பவும் நிக்கிறவன். இது என் வீட்டுக்காரிக்கு."

அங்கயே போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல.

"செண்பகம், அந்தத் துண்டு..."

"எந்தத் துண்டு? சிவப்புக் கரையா? தொலைச்சுட்டீங்களா?"

"தொலைக்கல. போட்டு வச்சிருக்கேன்."

"எங்க?"

"பஸ்ஸுல. முட்டிவலியோட ஒரு வயசானம்மா நிக்காங்க, அவங்களக்கூட உக்கார விடமாட்டேங்குது. மூணாவது ஜன்னல்ல போட்டிருக்கேன்."

"எனக்கா?"

"பின்ன யாருக்கு?"

"நான்தான் வரலையே, கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும் செண்பகம். கைக்குத் தெரியலயே."

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. பஸ்ஸுல பாதிப்பேரு காரணம் தெரியாமலே மூக்க உறிஞ்சுனாங்க. "அங்க யாரோ வயசானவங்க நிக்காங்கங்கீங்களே, அவங்கள உக்காரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னாங்க. நுன்சியா அம்மா உக்காந்து பாத்தாங்க. நின்னாங்க. தலைய ஆட்டுனாங்க: "இது ரிஜிஸ்டர் தபாலு. உரியவங்க நேர்ல வந்து வாங்கணும். அந்தம்மா ஏன் வரல?"

கோமதிநாயகம் பாஸ்போர்ட்ட எடுத்துக் காட்டி, அவளுக்கு விசா கொடுக்கலைன்னு கைய விரிச்சு, அந்த ஒரு வரிக் காரணத்தையும் சொன்னாரு. ஹாஸ்டல் பொண்ணு மொழிபெயர்த்தா. அறுபது பேரு, நூத்தியிருபது கை, ஒரே நேரத்துல எல்லாம் மேல போச்சு. கலோஜெரோ ரெண்டு கையையும் விட்டுட்டாரு, பஸ்ஸு அதுவா அஞ்சாவது வளைவு திரும்புச்சு. "எங்க ஊர்ல இடம் புடிச்சு வச்சிருக்கிற பொம்பளைய வரக்கூடாதுன்னு சொல்ல அவன் யாரு?"

கோமதிநாயகம் கோவில்பட்டி திரும்பி ஒரு மாசத்துல தபால்ல ஒரு கட்டு வந்துச்சு. நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து. டிரைவர் சாட்சி, மெக்கானிக் சாட்சி, பாதிரியார் சாட்சி, சீட்டோட போட்டோ, நகராட்சித் தலைவரோட முத்திரை போட்ட கடுதாசி: மேற்படி அம்மையாருக்கு எங்கள் ஊரில் ஓர் இடம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. அவர் வந்து அமரும்வரை அவ்விடத்தில் வேறெவரும் அமர இயலாது. உறை மேல அட்ரஸ் எழுதுனது நுன்சியா அம்மா. செ-ங்கிற எழுத்த மட்டும் தமிழ்லயே வரைஞ்சிருந்தாங்க.

விசா ஆபீஸ்ல இந்தத் தரம் சாத்தூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி உக்காந்திருந்தா. கட்டு முழுசும் படிச்சா. ரெண்டாந்தரம் படிச்சா.

"போற நோக்கம் என்னம்மா?"

"இடம் புடிச்சு வச்சிருக்காருத்தா. போயி உக்காரணும்."

"துண்டு போட்டா?"

"துண்டு போட்டு."

அந்தப் பொண்ணும் எத்தனையோ வருஷம் பஸ்ஸுல வந்து படிச்சவதான. பேனாவக் கையில எடுத்துக்கிட்டு, "கேக்கணும்னு விதி, அதனால கேக்கேன். திரும்பி வந்துருவீங்கல்ல?" ன்னா.

செண்பகவல்லி அவள ஏற எறங்கப் பாத்தாங்க. "பஸ்ஸுல ஏறுன யாருத்தா எறங்காம இருந்திருக்கா?"

முத்திரை விழுந்துச்சு.

துண்டு விழுந்து நாலு மாசம் கழிச்சு, ஒரு வியாழக்கிழமை, மோந்தெலூமே ஸ்டேஷன்ல நாலாம் நம்பர் பஸ் மூக்க நீட்டுச்சு. கூட்டம் முண்டியடிச்சு ஏறுச்சு, ஏறி, ஒதுங்கி, வழிவிட்டு நின்னுச்சு. கலோஜெரோ தலைய வெளிய நீட்டுனாரு. செண்பகவல்லி ஓடி வரல. எப்பவும் போல நிதானமா வந்தாங்க, ஒரு படி, ரெண்டு படி, மூணு படி. பின்னாடியே ரெண்டு பேரு துணியும் ஒத்தப் பையில அடைச்சு முதுகுல தூக்கிக்கிட்டு கோமதிநாயகம்.

மூணாவது ஜன்னலுக்குப் போனாங்க. துண்ட எடுத்தாங்க. வந்துச்சு. ஒரு உதறு உதறுனாங்க. நாலு மாசத்து தேங்காயெண்ணெயும் வெயிலும் பெருங்காயமும் பஸ் முழுக்கப் பரவுச்சு.

"ஏங்க, இத்தன பேரு இருக்காங்க, ஒருத்தருக்காவது இதத் தொவைக்கணும்னு தோணலையா?"

உக்காந்தாங்க. உக்காந்துதான் இருந்தாங்க. பஸ்ஸு நகந்துச்சு, யாரும் கை தட்டல, கூப்பிட்ட விருந்தாளி சாப்பிட உக்காரும்போது கை தட்டுவாங்களா என்ன.

செண்பகவல்லி நிமிந்து பாத்தாங்க. சீட்டு முதுகப் புடிச்சுக்கிட்டு நுன்சியா அம்மா, ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்னுக்கிட்டு இருந்தாங்க. அது ஒத்த சீட்டு. அந்த தேசத்துல ஒத்த சீட்டுல ஒருத்தரு உக்காருவாங்க. செண்பகவல்லி ஜன்னலோட ஜன்னலா ஒட்டி, அரைச் சீட்டக் காலி பண்ணி, உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுனாங்க. "ஏன் நிக்கீங்க? வாங்கம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

நுன்சியா அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியல. முட்டிக்குப் புரிஞ்சுது. உக்காந்தாங்க. சீட்டு ஒண்ணும் சொல்லல.

"ஏங்க, நீங்க உக்காரலையா?"

"இருக்கட்டும், நின்னுக்கிட்டே வாரேன்."

"அப்ப பையக் கொடுங்க."

கோமதிநாயகம் ஒரு தோளக் கழட்டுனாரு, இன்னொரு தோளக் கழட்டுனாரு. லிஸ்பன்ல இருந்து யாரும் கேக்காத பை அவங்க மடிக்குப் போச்சு. அதப் பாத்த கசாப்புக்கடைக்காரரு கொஞ்சம் யோசிச்சு, தன் கையில இருந்த பொட்டலத்த மெதுவா நீட்டுனாரு. வாங்கிக்கிட்டாங்க. கத்திரிக்காக் கூடை வந்துச்சு, ரொட்டி வந்துச்சு, பாதிரியாரோட குடை வந்துச்சு, ஹாஸ்டல் பொண்ணோட பை வந்துச்சு, ஏழாவது வளைவு வர்றதுக்குள்ள ரெண்டு பொம்பளைங்க மூஞ்சியும் மூட்டைக்குப் பின்னாடி காணாமப் போச்சு. ஜன்னலுக்கு வெளிய, நோட்டுல ஒட்டி வச்ச படத்துல இருந்ததெல்லாம் வரிசையாப் போய்க்கிட்டு இருந்துச்சு.

மூட்டைக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு: "ஏங்க, எங்க வந்திருக்கோம்?"

கோமதிநாயகம் கம்பியப் புடிச்சுக்கிட்டே குனிஞ்சு பாத்தாரு. கீழ கடல் நீலமா விரிஞ்சு கெடந்துச்சு, மேல ஆயிரம் வருஷத்து ஊரு வெயில்ல மின்னுச்சு, தூரத்துல மலை சும்மா ஒரு வாய் புகை விட்டுச்சு.

"கயத்தாறு தாண்டியாச்சு" ன்னாரு.